பால் இல்லாத சமையலுக்குக் கால்சியம்: ஜிப்சம் போட்டு டோஃபு உறைய வைத்த பதிவு

300 கிராம் சோயா பீன்ஸ், 8 கிராம் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்), 560 கிராம் டோஃபு (சோயா பாலை உறைய வைத்து அழுத்திய கட்டி). அடுத்தடுத்துச் செய்தபோதும் இந்த எண்கள் பெரிதாக மாறவில்லை. முறை நிலைக்கு வந்துவிட்டது என்று நம்பிக்கை வந்ததால் இதை எழுதுகிறேன். பால் சாப்பிடக் கூடாத ஒருவருக்காகச் சமைக்கிறவர்களுக்கு இதில் பாதியாவது பயன்படும்.

எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பால் புரதம் ஒவ்வாது. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை நீக்கிய பால், லாக்டோஸ் செரிக்காதவர்களுக்குச் சரி. புரதமே ஆகாதவருக்கு அதுவும் பால்தான். அதனால் பால், தயிர், பாலாடைக்கட்டி, பால் பொடி சேர்த்த பிஸ்கட் எல்லாமே நின்றுபோயின. அவற்றுக்குப் பதிலாக வேறு சுவைகள் சீக்கிரமே பழகிவிட்டன. கால்சியத்துக்கு என்ன செய்வது என்பதுதான் தீராமல் இருந்தது.

முதலில் எவ்வளவு குறைகிறது என்று தெரிய வேண்டும். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசை மேசையிலேயே வைத்து, தட்டில் விழுவதை எல்லாம் ஒரு வாரம் எடை போட்டு எழுதினேன். சராசரி 450 மில்லிகிராம் சுற்றி வந்தது. பெரியவர்களுக்கு இந்தியாவும் அமெரிக்காவும் நாளுக்கு 1000 மில்லிகிராம் பரிந்துரைக்கின்றன, பிரிட்டன் 700. எதை எடுத்துக்கொண்டாலும் எங்கள் கணக்கில் ஓட்டை இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகத்தானே இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதில் ஆறுதல் அடைய வேண்டாம். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. உணவில் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தின் அளவைச் சரியாக வைத்துக்கொள்ளும். ஆகவே நம்ப வேண்டியது தட்டை எடை போட்ட கணக்கைத்தான்.

அந்தக் கணக்கிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. பசலைக்கீரையை நான் முழு மதிப்பில் எழுதியிருந்தேன். 100 கிராமில் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் கால்சியம் உண்டு, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது 5 சதவீதம் அளவுதான். பாலில் இது 30 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். கேல், ப்ரோக்கோலி, பாக்சோய் போன்ற முட்டைக்கோஸ் இனங்களில் ஆக்சலேட் குறைவு, பாலைவிடக் கூடுதலாகவே சேரும். பாதாமும் எள்ளும் 20 சதவீதம் பக்கம். எள்ளில் இன்னொரு விஷயம்: தோலோடு இருந்தால் 100 கிராமில் 975 மில்லிகிராம், தோல் நீக்கினால் பெரும்பகுதி போய்விடும். நான் எழுதி வைத்திருந்தது தோல் நீக்கிய வெள்ளை எள். தானியங்களில் கேழ்வரகு 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் தருகிறது, நல்ல துணை. ஆனால் தினமும் 500 மில்லிகிராமை ஒரே பொருளிலிருந்து நிரப்பும் அளவுக்கு எதையும் சாப்பிட முடியாது என்று பட்டது. பால் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய ஒரு முக்கியப் பொருள் வேண்டும்.

சோயா பால்தான் முதலில் தோன்றியது. வீட்டில் அரைத்த சோயா பாலில் 100 மில்லிக்கு 25 மில்லிகிராம் கால்சியம் இருக்கும், பசும்பாலில் 120. இடைவெளியை நானே நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். லிட்டருக்கு 950 மில்லிகிராம் சேர்க்க வேண்டும். உணவுத்தரக் கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம், ஆகவே 2.4 கிராம். எடை போட்டு, மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, பாட்டிலில் ஊற்றி வைத்தேன். மறுநாள் காலையில் எல்லாம் அடியில் வெள்ளை வண்டலாக உட்கார்ந்திருந்தது. குலுக்கினால் கலங்கும், டம்ளரில் ஊற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மறுபடி இறங்கும். கடைசி மிடறு சுண்ணாம்புத் தூள். கடையில் விற்கும் கால்சியம் சேர்த்த சோயா பாலிலும் இது ஓரளவு நடக்கும், அதனால்தான் குலுக்கிவிட்டு ஊற்றச் சொல்கிறார்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. குலுக்காமல் குடித்தால் அட்டையில் போட்டிருக்கும் அளவில் ஒரு பகுதி பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

கரையாத உப்பு வேண்டாம் என்று அடுத்து கால்சியம் லாக்டேட் எடுத்தேன். அதில் கால்சியம் 13 சதவீதம்தான், ஆகவே லிட்டருக்கு 7.3 கிராம். தண்ணீரில் நன்றாகக் கரைந்தது. குளிர்ந்த பாலில் கலந்தபோது கொஞ்சம் கெட்டியானது, பரவாயில்லை என்று விட்டேன். சூடாக்க அடுப்பில் வைத்ததும் கொதி வருவதற்கு முன்பே திரிந்துவிட்டது. மேலே மஞ்சள் நீர், கீழே பஞ்சு போன்ற கட்டிகள். அளவைக் குறைத்துப் பார்த்தேன், மெதுவாகச் சூடாக்கிப் பார்த்தேன். திரியாத அளவுக்குக் குறைத்தால் கால்சியமும் பயனில்லாத அளவுக்குக் குறைந்தது. ஆலைகளில் இதைச் சமாளிக்கக் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் உப்புகளும், பாலைத் தாங்கி நிறுத்தும் பசைகளும் சேர்க்கிறார்கள், உயர் அழுத்தத்தில் கலக்குகிறார்கள். வீட்டு மிக்சியில் அது நடக்காது.

திரிந்ததைக் கொட்ட மனமில்லாமல் மெல்லிய துணியில் வடிகட்டினேன். கையில் வந்தது மென்மையான, சாப்பிடக்கூடிய ஒரு கட்டி. சோயா புரதத்தைச் சேர்த்துப் பிணைத்ததே அந்தக் கால்சியம் என்றால், அதில் பெரும்பகுதி கட்டிக்குள்தானே இருக்கும்? டோஃபு செய்கிறவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவருவதே இதுதான். பால் திரியாமல் காப்பாற்றுவதில் செலவிட்ட முயற்சியை, அதை நன்றாகத் திரியவைப்பதில் செலவிட்டிருந்தால் வேலை எப்போதோ முடிந்திருக்கும்.

டோஃபு உறைய எலுமிச்சைச் சாறு, வினிகர், மெக்னீசியம் குளோரைடு, ஜிப்சம் எனப் பல வழிகள் இருக்கின்றன. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். எலுமிச்சையில் ஒரு தடவை செய்தேன், அழகாக உறைந்தது, ஆனால் அதில் பீன்ஸிலிருந்து வந்த சொற்பக் கால்சியத்துக்கு மேல் எதுவும் சேர்ந்திருக்காது. கடையில் வாங்கும்போதும் இதைத்தான் பார்க்க வேண்டும்: சேர்மானப் பட்டியலில் கால்சியம் சல்பேட் அல்லது அதன் சேர்மான எண்ணான இ516, கால்சியம் குளோரைடு அல்லது இ509 இருந்தால் நமக்கானது. மெக்னீசியம் குளோரைடு, அதாவது இ511 மட்டும் இருந்தால் அது நல்ல புரதம், கால்சியத்துக்கு உதவாது. டோஃபு என்றாலே கால்சியம் என்று எழுதுகிற உணவுக் குறிப்புகள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம்.

கால்சியம் குளோரைடும் வேலை செய்யும். அது உடனே கரைந்து உடனே பிடிப்பதால் கட்டி சொரசொரப்பாக உதிர்ந்தது, லேசான கசப்பும் இருந்தது. ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராம் சொச்சமே கரையும், மெதுவாகக் கரையக் கரைய மெதுவாக உறைகிறது. அதனால்தான் கட்டி வழவழப்பாக வருகிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: உணவுத்தர கால்சியம் சல்பேட் என்று அச்சிட்ட பொட்டலம்தான் வாங்க வேண்டும். கட்டட வேலைக்கும் சிலை வார்க்கவும் விற்கும் தூளில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது.

இனி வேலை.

300 கிராம் பீன்ஸைக் கழுவி, மூன்று மடங்குத் தண்ணீரில் 8 முதல் 10 மணி நேரம் ஊறவைக்கிறேன். வெயில் காலத்தில் இடையில் ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் புளித்த வாடை வரும். ஊறியதா என்று பார்க்க ஒரு பீன்ஸை இரண்டாகப் பிளந்து பார்ப்பேன். உட்புறம் சமதளமாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் குழியும் அடர்ந்த மஞ்சளும் தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். நன்றாக ஊறியது 680 கிராம் பக்கம் நிற்கும்.

அரைக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பீன்ஸிலுள்ள நொதி வேலை செய்து பச்சை வாடை ஏறிவிடுகிறது. கொதித்த தண்ணீரை ஊற்றி அரைத்த பிறகு அந்த வாடை வெகுவாகக் குறைந்தது. மிக்சி ஜாடியைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, மூடியைத் துணியால் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆவி தள்ளும். நான்கு பங்காக அரைக்கிறேன். எல்லாம் சேர்த்து 2.4 லிட்டர் தண்ணீர், உலர்ந்த பீன்ஸைப்போல எட்டு மடங்கு. பத்து மடங்கு ஊற்றியபோது கட்டி தளர்ந்தது, ஆறு மடங்கில் துணியில் பிழியவே முடியவில்லை.

காய்ச்சுவதற்கு 6 லிட்டர் பாத்திரம். 4 லிட்டர் பாத்திரத்தில் செய்த அன்று அடுப்பு முழுக்க நுரை. சோயா பால் உண்மையாகக் கொதிப்பதற்கு வெகு முன்பே, 80 டிகிரியைத் தாண்டும்போதே நுரைத்து எழும். அதைக் கொதி என்று நினைத்து இறக்கிவிடக் கூடாது. பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அது அழிய வேண்டும். தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் தட்டையான மரக்கரண்டியால் கிண்டி, உண்மையான கொதி வந்த பிறகு 10 நிமிடம் வைக்கிறேன்.

வடிகட்ட நெருக்கமான பருத்தித் துணி. கொதித்ததைக் கையால் பிழிய முடியாது. துணியை முறுக்கி, உருளைக்கிழங்கு மசிக்கும் மத்தால் அழுத்தினேன். 2.1 லிட்டர் பால் வந்தது. சக்கையை உலர்த்தி மாவோடு கலக்கலாம்.

அடுத்த கட்டத்தில்தான் அதிகம் சறுக்கினேன். ஜிப்சம் கொஞ்சத் தண்ணீரில் முழுதாகக் கரைவதில்லை, மிதந்து கலங்கிச் சில நொடிகளில் அடியில் படிகிறது. முதலில் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். பாதி ஜிப்சம் கிண்ணத்தின் அடியிலேயே தங்கியது, பாலில் ஒரு பக்கம் உறைந்து மறுபக்கம் பாலாகவே இருந்தது. பயந்து மேலும் கிண்டியதில் உறைந்ததும் உடைந்து தூளானது. இப்போது செய்வது இப்படி: பாலை 78 டிகிரிக்கு ஆறவிடுகிறேன், குத்திப் பார்க்கும் வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம். 8 கிராம் ஜிப்சத்தை 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குகிறேன். பாலை ஒரே திசையில் வேகமாகச் சுழற்றிவிட்டு, கலக்கிய கை நிற்பதற்குள் ஜிப்சம் நீர் முழுவதையும் ஒரே வீச்சில் ஊற்றுகிறேன். உடனே கரண்டியைக் குறுக்கே நிறுத்திச் சுழற்சியை அடக்கி, மூடிவிடுகிறேன். 20 நிமிடம் திறப்பதில்லை.

திறந்து பார்க்கும்போது ஓரத்தில் பிரியும் நீர் தெளிவான இளமஞ்சளாக இருந்தால் போதும். வெளுத்துக் கலங்கலாக இருந்தால் இன்னும் 1 கிராம் ஜிப்சத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கலக்கி மேலாகத் தெளித்து, மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்தால் சரியாகும்.

கால்சியம் கூடட்டுமே என்று 12 கிராம் போட்டுப் பார்த்தேன். உறைந்தது, ஆனால் நாக்கில் மண் நெருடல், தொண்டையில் கசப்பு. 6 கிராமில் நீர் தெளியவே இல்லை. எனக்கு 8 நிலைத்தது.

அழுத்தும் பெட்டி நானே செய்தது. ஒன்றுக்குள் ஒன்று அமரும் இரண்டு சதுரப் பிளாஸ்டிக் டப்பாக்கள், உணவு வைப்பதற்கானவை, உள் அளவு 12 சென்டிமீட்டர். வெளி டப்பாவின் அடியிலும் பக்கங்களிலும் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் 4 மில்லிமீட்டர் துளைகள். துளைபோட்ட விளிம்புகளைக் கத்தியால் சுரண்டி மழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் துணி கிழியும், பிளாஸ்டிக் சிம்பும் உணவில் விழும். ஈரத்துணி விரித்து, கட்டிகளை உடைக்காமல் அள்ளி வைத்து, துணியை மடித்து, மேல் டப்பாவில் தண்ணீர் ஊற்றி எடை ஏற்றுகிறேன்: முதல் 10 நிமிடம் ஒன்றரைக் கிலோ, பிறகு 3 கிலோவுக்கு 30 நிமிடம். எடுத்த எடுப்பிலேயே 3 கிலோ வைத்தால் வெளிப்புறம் இறுகி நடுவில் நீர் சிறைப்பட்டுவிடுகிறது. முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் மூழ்க வைத்தால் வெட்டும்போது ஓரம் உதிராது.

இனி எனக்கு முக்கியமான கேள்வி: இதில் எவ்வளவு இருக்கிறது? ஜிப்சத்தில் 23 சதவீதம் கால்சியம், ஆகவே 8 கிராமில் சுமார் 1860 மில்லிகிராம். அதில் எவ்வளவு வடிந்த நீரோடு போகிறது என்று தெரிந்தால் மீதி கட்டியில். கடல்மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் கால்சியம் பரிசோதனைப் பெட்டியை வாங்கினேன். சொட்டுச் சொட்டாக விட, இளஞ்சிவப்பு நீலமாக மாறும் இடத்தில் எண்ணிக்கையை நிறுத்த வேண்டும். வடிநீரின் மஞ்சள் நிறத்தில் அந்த மாற்றம் தெரியவில்லை, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஐந்து மடங்கு நீர்த்த பிறகு தெரிந்தது. குழாய்த் தண்ணீரில் நீர்த்தால் அதிலுள்ள கால்சியமும் சேர்ந்து காட்டும். லிட்டருக்கு 280 மில்லிகிராம் பக்கம் வந்தது. வடிநீர் 1.6 லிட்டர், ஆக 450 மில்லிகிராம் வெளியே. மீதி 1410, அதை 560 கிராமுக்குப் பிரித்தால் 100 கிராமில் 250. பீன்ஸிலிருந்து வருவதை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஆய்வகக் கருவி இல்லாமல் எடுத்த அளவு இது, குறைத்தே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. கால்சியம் சல்பேட் போட்ட சாதாரண டோஃபுவுக்கு அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல் காட்டுவது 350. என் எண் அதற்குக் கீழே நிற்பதில் எனக்கு நிம்மதிதான். கட்டியிலுள்ள கால்சியம் உடம்பில் சேரும் விகிதம் பாலுக்கு ஏறக்குறைய சமம், 31 சதவீதம்.

அந்தப் பெட்டி கையில் இருந்ததால் குடிதண்ணீரையும் சோதித்தேன். எங்கள் கடின நீரில் லிட்டருக்கு 90 மில்லிகிராம் இருந்தது, ஆர்.ஓ. கருவியில் வடிந்ததில் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. இரண்டு லிட்டர் குடிக்கிறவருக்கு 180 மில்லிகிராம் வித்தியாசம். கடினத்தன்மை தவிர வேறு குறையில்லாத தண்ணீர் என்று பரிசோதித்துத் தெரிந்தவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

இப்போது நாளுக்கு 200 கிராம் டோஃபு, இரண்டு வேளையாக. ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் சேரும் விகிதம் குறைகிறது, அதனால் பிரித்துக் கொடுப்பதே நல்லது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேறு வேளைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், கால்சியமும் சோயாவும் இரண்டுமே அதைத் தடுக்கும். பால் ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஒவ்வாது, அங்கே மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பாதியில் நிற்கும். அதை மட்டும் ரத்தத்தில் பார்த்துக்கொண்டோம்.

தண்ணீரில் மூழ்க வைத்துத் தினமும் தண்ணீரை மாற்றினால் குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் நன்றாக இருக்கிறது. ஐந்தாம் நாள் மேலே வழவழப்பு வந்தால் போட்டுவிடுவேன். உறைய வைத்தால் கடற்பஞ்சு போலாகிவிடும், குழம்பில் போட அது இன்னும் நல்லது, சாற்றை இழுத்துக்கொள்ளும்.

செலவைச் சொன்னால், பீன்ஸும் ஜிப்சமும் பெரிதில்லை. அரைக் கிலோ ஜிப்சம் 60 தடவைக்கு மேல் வரும். அடுப்பும் நேரமும்தான் செலவு: ஊறுவதை விட்டால் இரண்டரை மணி நேரம், அதில் நின்று செய்ய வேண்டியது ஒன்றேகால். பரிசோதனைப் பெட்டிதான் விலை கூடியது, முறை நிலைத்த பிறகு அது தேவையில்லை.

அடுத்த தடவைக்கு மாற்ற வேண்டியவை குறிப்பேட்டில் இருக்கின்றன. பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் துளையிட்ட துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி, சூடான கட்டியைப் பிளாஸ்டிக்கில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பீன்ஸை 450 கிராமாக்கி ஜிப்சத்தை 12 ஆக்க வேண்டும், அப்போது வாரத்தில் இரண்டு முறை செய்தால் ஒருவருக்குப் போதும். 78 டிகிரிக்குப் பதிலாக 72-இல் ஊற்றினால் வடிநீரில் போகும் கால்சியம் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். பரிசோதனைப் பெட்டியில் இன்னும் சில சொட்டு மருந்து மீதம் இருக்கிறது, அது தீர்வதற்குள் அதைச் செய்துவிடுகிறேன்.